ஐந்தருவிப் போட்டோவில் சிரிக்கிறவள்

பாவூர்சத்திரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு சுஜிதா எழுதுகிறேன். நானும் பிள்ளை கிறிஸ்டியும் அத்தையும் ஆண்டவர் தயவில் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மத்தியான வெயிலில் அலையாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணிக்கொள்கிறோம். இங்கே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் ஒரே கூட்டமாம். நாங்கள் போகவில்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அங்கே உங்கள் அறையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிறது. இங்கே அத்தை காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்கு பரீது அண்ணன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார். முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். முறுக்கை எல்லாருக்கும் கொடுங்கள். இதைத் தனியாக இருந்து படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி தென்காசியில் மீனா டாக்டரிடம் பல்லைக் காட்டினேன். வாயைத் திறந்ததுமே, சின்ன வயதில் போர்வெல் தண்ணீர்தான் குடித்தீர்களா என்று கேட்டார். எங்கள் அம்மா ஊரில் அத்தனை பேர் பல்லும் இப்படித்தான் என்றேன். பல் ஈறுக்குள் உருவாகும்போதே தண்ணீரால் ஏறிய கறை, எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது என்றார். மருந்து வைத்து வெளுக்கலாமாம். ஆனால் என் கறை அழுத்தமாக இருப்பதால் திட்டுத்திட்டாக நிற்குமாம். பல்லின் நிறத்தில் மேலே பூசி மறைக்கலாமாம். அது சில வருஷத்தில் மங்கிவிடும், மறுபடி பூச வேண்டும். போனில் நீங்கள் மாற்றின என் போட்டோவைக் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்றேன். அப்படியென்றால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து ராவிவிட்டு மெல்லிய ஓடு ஒட்ட வேண்டும், ராவினது ராவினதுதான், திரும்ப வளராது என்றார். “ஒங்க பல்லு நல்லா கெட்டியா இருக்கும்மா, அவசரப்படாம யோசிச்சிட்டு வாங்க” என்றும் சொன்னார்.

அப்புறம் ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். அதில் குட்டிக் குட்டிப் பல்லாக வரிசையாகச் செருகியிருந்தது. எந்த வெள்ளை வேண்டும் என்று ஒவ்வொன்றாக என் உதட்டோரம் வைத்துக் கண்ணாடியில் காட்டினார். வளையல் கடையில்கூட நான் இத்தனை தினுசு பார்த்ததில்லை. போட்டோவில் இருக்கிறவளுடைய வெள்ளை இதில் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

போன லீவில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது, அத்தை கையில் இருந்த பஜ்ஜியைக் குரங்கு பிடுங்கியதற்கு நான் சிரித்தேனே, அந்தப் போட்டோவைத்தான் சொல்கிறேன். நம் கல்யாண நாளுக்கு அதில் என் பல்லை வெள்ளையாக்கி ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். சேலை என்னுடையது, ஈரத்தலை என்னுடையது, வாய் மட்டும் வேறு எவளுடையதோ. அத்தை அதைத் தெருவெல்லாம் காட்டி, “எம் மருமவ சினிமாக்காரி கணக்கால்லா இருக்கா” என்று ஒரே பெருமை. நீங்கள் ஆசையாகத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் அதற்குப் பிறகுதான், உனக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டது, வருமுன் பல்லைச் சரிபண்ணிக்கொள், இங்கே எல்லாரும் போட்டோவைப் பார்த்திருக்கிறார்கள் என்றீர்கள். அன்றைக்குப் பிடித்த பயம் அத்தான்.

ஊசிக்குப் பயமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஊசி என்ன பெரிது. ராவின பிறகு எனக்கே என் முகம் பிடிக்காமல் போனால், என் பல்லை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்? ராவாமல் வந்து இறங்கினால், ஏர்போர்ட்டில் உங்கள் சிநேகிதர்கள் முன்னால் நீங்கள் கூசிப்போவீர்களோ என்றும் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்தாமல் சிரிக்க மாட்டோம். கல்யாண வீட்டுப் போட்டோக்காரர்கூட, வாயை மூடிச் சிரிம்மா என்றுதான் சொல்லுவார். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் மாமா நாற்காலியோடு சரிந்தார்களே, அப்போது கையை எடுத்துவிட்டுச் சிரித்துத் தொலைத்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். நீங்கள்தான், “நல்லாத்தான சிரிக்கா, விடுங்க” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் உங்கள் முன்னால் வாயைப் பொத்தியதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை, பிள்ளை ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கா, கோபமா என்று கேட்டீர்கள். கோபமில்லை. முன்பக்கத்துப் பால் பல் விழுந்து, புதுப்பல் இரண்டு முளைத்திருக்கிறது. ஐந்து வயசு வரைக்கும் என் அம்மா வீட்டில் அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தானே. அதே பழுப்புக் கோடு. டாக்டரிடம் என்னோடு வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எம்மா, அப்பாட்ட போவணும்னா எம் பல்லையும் ராவணுமா?” என்று கேட்டாள். இப்போது உங்கள் வீடியோ கால் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது என்று அன்றைக்கு நான் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது என்னிடம் பல்லைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். கிறிஸ்டியைக் கூப்பிட்டு, கையை எடுத்துவிட்டு ஒரு தடவை சிரிக்கச் சொல்லுங்கள். அறையில் இருக்கிறவர்களும் பார்க்கட்டும். அவள் சிரித்ததும் நீங்கள் அவளிடம் என்ன சொல்கிறீர்கள் என்று நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமைக்கு எனக்கு அது போதும்.

ஆண்டவர் உங்கள் கூடவே இருப்பாராக.

உங்கள்,
சுஜிதா