காற்று இறங்காத பிரேக்

ஐப்பசி 18, செவ்வாய். இரவு.

நான்காவது நாளாக இன்றும் பிரேக் பிடிக்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வருவதற்குள் வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட நினைத்தேன். பழைய காரின் முன்சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் இரண்டையும் போர்ட்டிகோவில் நானே பிரித்து, துருவைத் தேய்த்து, புது ரப்பர் போட்டு மாட்டினேன். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரேக் ஆயிலுக்குள் காற்று நிற்கிறது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெடலை மிதிக்க சீட்டில் மல்லிகா, திருகைத் திறந்து மூட சக்கரத்தடியில் நான்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே புடி... விடு."

"விட்டுட்டேன்."

மகனை "வெளிய போடா" என்று நான் விரட்டிய நாளிலிருந்து, எட்டு மாதமாக, என் மனைவி மல்லிகா என்னிடம் பேசும் பேச்சு இவ்வளவுதான். சோறு மேசையில் இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

இன்று டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டித் தொலைத்திருக்கிறேன், முட்டாள். காற்று மேலேதான் ஏறி நிற்கும்; அதை வெளியேற்றும் திருகும் மேலே இருக்க வேண்டும், கீழே தொங்குகிறது. ஆயுசுக்கும் மிதித்தாலும் காற்று வராது. கழற்றி மாற்ற ஒரு மணி நேரம் போதும்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் இறங்கிக்கொண்டே, "நாளைக்கும் வரணுமா?" என்றாள்.

எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"ஆமா. காத்து இன்னும் ஜாஸ்தி இருக்கு."

திருகைத் துணியால் துடைத்து அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வண்டி சரியாகிவிட்டால் அந்த "விட்டுட்டேன்" கூட இருக்காது.