ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ

ஜூலை 8, செவ்வாய்

ஆண்களை விரும்பும் ஆண்களிடம் ஹெச்.ஐ.வி. தடுப்பு, போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு எழுதும் வேலை. இன்று காசிமேட்டில் பத்துப் பேர். படிவத்தில் புதுக் கேள்வி: 'கடந்த ஆறு மாதத்தில் ஐஸ் பயன்படுத்தினீர்களா?' பத்துப் பேரும் ஆமாம். மீன் ஏலக்காரர் ராசையா அண்ணன், "தெனிக்கும் மூணு பாரு ஐஸு நைனா. வெயில்னா அஞ்சு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

என் காதலன் டென்னிஸை மட்டும் கூட வேலை பார்க்கும் மதி கேட்டான். நெருங்கியவர்களை நாமே கேட்கக்கூடாதாம். ஐஸ் லாரி ஓட்டுகிறவனிடம் இதையெல்லாம் கேட்க வேண்டுமா?

ஜூலை 10, வியாழன்

எங்கள் ஆய்வை நடத்தும் மாயா டாக்டர் போனில் அலறினார். "முபாஷிர், மூணு பார்னா எவ்வளவு?"

"நூத்தம்பது கிலோ வரும் டாக்டர்."

"அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

காலையில்தான் அவரிடம் வஞ்சிரம் வாங்கினேன் என்றேன்.

ஐஸ் என்பது ஒரு போதைப்பொருளாம். பயிற்சியில் சொன்னார்களாம். அப்போது நான் பிரியாணி பொட்டலம் வாங்கப் போயிருந்தேன். பத்துப் பேரையும் மறுபடி கேட்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

டென்னிஸிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மதி கைல நான் ஆமான்னது லாரி ஐஸுக்கு இல்ல மாமு."

நாலு மாசமாம். பார்ட்டியாம். வேற ஆளுங்களும் இருந்தாங்களாம். ஆணுறை? ஞாபகம் இல்லியாம்! ஊருக்கெல்லாம் குடுத்துகினு திரியறேன், என் வூட்டுலயே — இன்னாடா இது. மூணு வருஷம் ஒண்ணா கீறோம். பயமா கீது. அவனுக்கு வந்திருந்தா? எனக்கு?

ஜூலை 12, சனி

டென்னிஸுக்குச் சாதம் மட்டும் வைத்தேன், குழம்பு வைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பரிசோதனை மையம். கவுன்சிலர் அஜீசுன்னிசா அக்கா, "இன்னிக்கு யார இட்டாந்த?" என்றார்.

"இவன. அப்பறம் என்னையும்."

"நீ கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்த?"

எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று வகுப்பெடுக்கிறவன் நான். "எடுத்ததே இல்லக்கா." அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் ஹெச்.ஐ.வி. இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தடுப்பு மாத்திரை பற்றி அக்கா சொன்னதை, நானே நூறு பேருக்குச் சொன்னதை, முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். பழக்கத்தை விடுவதற்கு டாக்டரைப் பார்க்க டென்னிஸ் ஒப்புக்கொண்டான். என் கோபம் தீரவில்லை.

வெளியே வந்ததும் அவன் போனில் அடுத்த தேதியைக் குறித்தான். எட்டிப் பார்த்தேன். 'நாங்க ரெண்டு பேரும்' என்று போட்டிருந்தான்.

"நான் வரேன்னு எப்ப சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே லாரியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.