எல்லாத் தவறையும் மன்னிக்கும் சைக்கிள்

ஜூலை 7, திங்கள்

இன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்கு யார் போவது என்று தலைமையாசிரியர் ராஜேந்திரன் சார் கூட்டத்தில் கேட்டார். மேல் கிராமங்களுக்கு ஜீப் பாதி தூரம்தான் போகும். மீதி மண் பாதை, கல், ஓடை. எல்லா ஆசிரியர்களும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்தி, "நல்ல மலை சைக்கிள் ஒண்ணு இருந்தா நானே போய்டுவேன் சார். முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கணும். அது இல்லாமத்தான் தயங்கறேன்" என்றேன். முந்தின நாள்தான் கைப்பேசியில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்திருந்தேன். இல்லாத பொருளைச் சாக்காகச் சொன்னால் கௌரவமாகத் தப்பிக்கலாம் என்று கணக்கு.

சார் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகளுக்கு வருஷா வருஷம் நான்தான் பொறுப்பாசிரியை. பெல் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஓடுகிற சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று இயற்பியல் வகுப்பில் படம் போட்டு விளக்குகிறவளும் நான்தான். ஒரு முறைகூட ஏறி உட்கார்ந்ததில்லை.

ஏன் கற்றுக்கொள்ளவில்லை? செங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தது, அது அண்ணனுடையது. நான் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை. அதில் பெரிய சோகம் ஒன்றும் கிடையாது, எரிச்சல் மட்டும்தான். நாற்பத்து நான்கு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பரிதாபப்படுவார்கள். சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 10, வியாழன்

என் கணவர் குமரேசன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. ராஜேந்திரன் சார் அவரிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் டீக்கடை, ரேஷன் கடை, பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அமுதா, ஒன் அரியர்ஸ் பணம் சும்மாதானே கீது? வாங்கிடு!" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்க்கவில்லை.

"வாங்கலாங்க. ஆனா சரியானதா பாத்து எடுக்க வேணாமா?" என்றேன்.

அப்போதுதான் வழி தெரிந்தது. தேர்ந்தெடுக்கிறவரைக்கும் யாரும் ஓட்டிக் காட்டச் சொல்ல முடியாது. தேர்ந்தெடுப்பதற்குக் கெடு ஏது?

ஜூலை 13, ஞாயிறு

வேலூர் சைக்கிள் கடை அருளிடம் போனில் நெடுநேரம் பேச்சு. நம்மைப் போன்ற மலைப் பாதைக்கு 'ட்ரெயில்' ரகம் வேண்டுமாம். விலை குறைந்ததில் ஸ்பிரிங் வெறும் அலங்காரம், உச்ச விலை பந்தயக்காரர்களுக்கு, நடுத்தரம்தான் நமக்கு என்றான். சக்கரம் எவ்வளவு மேலும் கீழும் அசையும் என்பதற்கு 'ட்ராவல்' என்று பெயர். நூற்று இருபது மில்லிமீட்டர், நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று இருக்கிறது.

"ட்ராவல் ஜாஸ்தியா இருந்தா, நீங்க பண்ற தப்பையெல்லாம் வண்டியே மன்னிச்சிடும் மேடம்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லாத் தப்பையுமா? ஒருத்திக்கு ஒன்றுமே தெரியாது என்றால் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்? கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கைப்பேசியில் படித்த வார்த்தையைப் போட்டு, "ஹெட் ஆங்கிள் எவ்ளோ?" என்று கேட்டு வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. புது வண்டி எடுக்கக் கூடாது. அம்மா தாயே, நீதான் காப்பாற்றினாய்.

ஜூலை 27, ஞாயிறு

முன்பின் தெரியாத ஒருவர் கணியம்பாடியிலிருந்து போன் செய்து, சக்கரம் இருபத்தொன்பது அங்குலமா, இருபத்தேழரையா, எது நல்லது என்று கேட்டார். உயரம், எடை, போகிற பாதை எல்லாம் விசாரித்து, "இருபத்தொம்போது. கண்ண மூடிக்கினு எடுங்க" என்றேன். "ரொம்ப நன்றிங்க மேடம், பயந்துக்கினே இருந்தேன்" என்றார்.

என் எண்ணை யார் கொடுத்தது? வேறு யார், குமரேசன்தான்.

ஓட்டுவதைத் தவிர சைக்கிளைப் பற்றி எனக்கு இப்போது எல்லாம் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

விபரீதம் முற்றிவிட்டது. காலை வழிபாட்டில் ராஜேந்திரன் சார் அறிவித்தார்: நவம்பர் பதினான்கு, குழந்தைகள் தினத்தன்று பள்ளியிலிருந்து பஸ் நிலையம்வரை மாபெரும் சைக்கிள் பேரணி. மாவட்ட அதிகாரி கொடியசைப்பார். பிளஸ் ஒன் பிள்ளைகள் பின்னால் வர, முன்னால் தம் சொந்த மலை மிதிவண்டியில் அமுதவல்லி ஆசிரியை!

பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் கையசைத்தேன். இந்தக் கையை என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இரண்டு வண்டிகள் மிச்சம்: நீலம் நூற்று முப்பது, காவி நூற்று நாற்பது. "ரெண்டுல ஒண்ணச் சொல்லேன்" என்று குமரேசன் பிடுங்குகிறார். "அதுக்கு முன்னாடி, வாங்கலாமா வேணாமான்னு சாமி சொல்லட்டும். வேடியப்பன் கோயில்ல பூக்கேட்டுப் பாக்கலாம்" என்றேன். என் பக்தியைக் கண்டு அவர் கண் கலங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை எழுதவே கை கூசுகிறது.

பூக்கேட்பது எனக்குப் புதிதில்லை. செங்கத்தில் வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுகிறேன் என்று நானே முந்திக்கொண்டேன். மரத்துக்குப் பின்னால் போய் இரண்டு இலையிலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினேன். ஆமாம், சாமியிடமே.

பூசாரி சின்னதம்பி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தயாரானேன்.

"சாமி உத்தரவு குடுத்துட்டாரு!" என்று கத்தினார் சின்னதம்பி. பெண்கள் குலவை போட்டார்கள்.

"அய்யா, செவப்பு வந்தா வேணாம்னு தானே?"

"அது ஒங்க கீழ்நாட்டு வழக்கம்மா. எங்க வேடியப்பன் வேட்டைக்காரரு. அவுருக்குச் செவப்புதான் சம்மதம். வெள்ள வந்தா வேணாம்." நம்பிக்கை வரட்டும் என்று மற்ற பொட்டலத்தையும் எனக்குப் பிரித்துக் காட்டினார்.

அதிலும் சிவப்பு.

சின்னதம்பி பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார்.

"ரெண்டு தபா சொல்லிட்டாருடோய்!"

மறுபடியும் குலவை. குமரேசன் கீழே விழுந்து கும்பிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காவி நிற நூற்று நாற்பதுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பத்து மில்லிமீட்டர் கூடுதல் மன்னிப்பு. அது மட்டும் காரணமில்லை. பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்குகிறது, இரண்டு காலும் தரையில் படும். செங்குத்தான இறக்கத்துக்காக வைத்த வசதியாம். எனக்குச் சமதரையே இறக்கம்தான்.

"எக்ஸ்பர்ட் சாய்ஸ் மேடம்" என்றான் அருள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வண்டி வந்தது. வேலூரிலிருந்து போளூர்வரை லாரி, அங்கிருந்து வேன் வைத்து ஏற்றி வந்தார்கள். வாசலில் கூட்டம். குமரேசன் பெட்டியைப் பிரித்துப் பூட்டி முடித்துவிட்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பெடல் எங்க?"

அருளுக்குப் போன் போட்டோம். "இந்த ரேஞ்சு வண்டிக்குப் பெடல் வராது மேடம். ஓட்டறவங்க அவங்கவங்களுக்குப் புடிச்சதத் தனியா வாங்கிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும். இவங்களுக்காகக் கேட்டேன்."

நல்ல பெடல் வரவழைக்க இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். பஸ் நிலைய மெக்கானிக், சாதாரணப் பெடலை மாட்டித் தருகிறேன் என்றார். "கூடாது! ஃப்ரேம் கெட்டுப் போயிடும்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். மெக்கானிக் பின்வாங்கிவிட்டார்.

சத்துணவு சமைக்கும் சாந்தம்மாள் பள்ளிக்குப் பக்கத்து வீடு. வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். "கேரியரு இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, இப்ப பெடலும் இல்ல. அப்ப இன்னாதான் டீச்சர் குடுத்தான் அவன்?"

எனக்கு மூன்று வாரம் கொடுத்திருக்கிறான், சாந்தம்மா.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். சும்மா உருட்டினால் போதும் என்றேன். குமரேசன் கேட்கவில்லை. "வண்டிக்காரிதான் ஏறி நசுக்கணும். பெடல் இல்லன்னா இன்னா, கால்ல தள்ளு."

பொத்தானை அழுத்திச் சீட்டை இறக்கினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சைக்கிளில் உட்கார்ந்தேன். காலால் தரையை உந்தினேன். பழம் நசுங்கியது. கை தட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. வாசல் சரிவு. வேலிவரைக்கும் போனேன். நடுவில் கொஞ்ச தூரம் என் இரண்டு காலும் தரையில் இல்லை.

யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலாண்டு விடுமுறை, பள்ளி மைதானத்தில் ஆள் இல்லை. விடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். உட்கார்ந்து, காலால் உந்தி, உந்தி, உந்தி.

"இன்னா டீச்சர், நடக்கறதுக்கா இம்மாம் பெரிய வண்டி வாங்கின?" வேலிக்கு அந்தப் பக்கம் சாந்தம்மாள், கையில் குடம்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சாந்தம்மா." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டேன், ஆசிரியை என்பதையும் மறந்து.

அவள் சிரிக்கவில்லை. "எனக்குந்தான் தெரியாது. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளட்டா?" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

விழுந்தேன். முழங்கையில் தோல் போச்சு.

ஒரு கண்டுபிடிப்பு: சஸ்பென்ஷன் மேலும் கீழும்தான் மன்னிக்கும். பக்கவாட்டில் விழுகிறவளுக்கு அதில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று மாதமாகப் படித்தேனே, எந்தப் பயலாவது இதை எழுதினானா?

குமரேசனிடம் படிக்கட்டு வழுக்கியது என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளி மணிக்கு முன்னால். வேப்பமரத்திலிருந்து கொடிக்கம்பம்வரை கால் ஊன்றவில்லை!

அக்டோபர் 12, ஞாயிறு

சாந்தம்மாள் தானும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சரிவில் விட்டதும், "அய்யோ, வேடியப்பா, நிறுத்து!" என்று அவள் போட்ட சத்தத்தில் காக்காய் எல்லாம் பறந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மல்லாந்து கிடந்தவள், "இன்னொரு தபா" என்றாள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

அக்டோபர் 19, ஞாயிறு

பெடல் வந்துவிட்டது. குமரேசன் மாட்டிவிட்டு, "ஒரு ரவுண்டு காட்டு" என்றார். நாளைக்குத் தீபாவளி, அதிரசம் சுட வேண்டும் என்று அடுப்படிக்கு ஓடினேன். மாவு இன்னும் இடிக்கவேயில்லை.

பயமாக இருக்கிறது. காலால் உந்துவது வேறு. இது நிஜம்.

அக்டோபர் 26, ஞாயிறு

மிதித்தேன். ஓடியது. மைதானத்தை ஒரு முழுச் சுற்று. சாந்தம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் கொடிக்கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதற்குத்தானா? இவ்வளவு எளிதானதற்குத்தானா இத்தனை வருஷம்?

கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. சந்தோஷமாகவும் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

மேல் கிராமப் பாதையில் ஓடைவரை போய் வந்தேன். கல்லின் மேல் ஏறி இறங்கும்போது வண்டி முதுகை வளைத்துக் கொடுக்கிறது. அருள் சொன்னது பொய்யில்லை. ஓட்டத் தெரிந்தவர்களை மட்டும்தான் அது மன்னிக்கும் போல.

நவம்பர் 13, வியாழன்

சீருடைச் சேலை வேண்டாம், சுடிதார். சங்கிலிக்கு எண்ணெய் போட்டாயிற்று. தூக்கம் வராது.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் கைப்பேசியில் ராஜேந்திரன் சாரின் செய்தி. 'கனமழை காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை. பேரணி ரத்து.'

ஆகஸ்டில் இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்திருப்பேன். இன்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அதெப்படி ரத்து பண்ணுவாங்க? யாரக் கேட்டு?

மழைக்கோட்டை மாட்டினேன். குமரேசன் வாசலிலேயே நின்றார். "அமுதா, அதான் இல்லன்னுட்டாங்களே. எங்க போற?"

"பேரணிக்கு."

பள்ளி வாசலிலிருந்து தொடங்கினேன். முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா? சாந்தம்மாள் குடையோடு வந்து, இடுப்பிலிருந்த கரித்துணியை எடுத்து ஒரு வீசு வீசிக் கொடியசைத்தாள். கடைத்தெரு முழுக்கத் தண்ணீர். டீக்கடையில் ஒதுங்கியிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். மட்கார்டு இல்லாததால் சேறெல்லாம் என் முகத்தில்தான். பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு காலைக்கூட ஊன்றாமல் வீடு திரும்பினேன்.

குமரேசன் துண்டோடு காத்திருந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன மாசம் வரைக்கும் எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது."

"அப்ப நான் மல பூரா சொல்லிக்கினு திரிஞ்சது?"

"பொய்."

"இப்ப?"

"இப்ப நெசம்."

யோசித்தார். வண்டியைப் பார்த்தார், என் சேறு படிந்த முகத்தைப் பார்த்தார். "சரி வுடு. பாலிசிக்குப் போடற மாதிரி முன்தேதி போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபி போட உள்ளே போனார்.