நீ அனுப்பிய நான்கு டயர்

பள்ளிவாசல்துறை
நவம்பர் 14, வெள்ளி

அன்பு மகன் இன்சாபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று அல்லாஹ்விடம் கேட்டபடி தொடங்குகிறேன். இங்கே வாப்பா, உன் தங்கை றிஃப்னா, அவள் மகள் அமானி எல்லோரும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, படுக்கையில் இல்லை, முற்றத்தில் கதிரை போட்டு இருந்துதான் எழுதுகிறேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போன் வாப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. உன் குரல் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்து மீன்வாடி முழுக்கக் கேட்க வைப்பார், நான் உன்னோடு கதைக்கும்போது பக்கத்தில் நின்று என் வாயையே பார்ப்பார். எதிர்வீட்டு ஹுனைஸ் லீவு முடிந்து ஞாயிறு டோஹா திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான், நம்புவோம்.

ஊரில் மழை. பத்து நாளாகப் படகுகள் கரையிலேயே கிடக்கின்றன, வாப்பாவின் கெப் வண்டிக்கும் மீன் ஏற்றும் வேலை குறைவு. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் நீ அனுப்பிய டயர் நான்கையும் கழுவாமல் இருக்க மாட்டார். டயரின் பல்லுக்குப் பல் இடையில் இருக்கும் சேற்றைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுக்கிறார், தன் பல்லைக்கூட அப்படி விளக்கியதை நான் காணவில்லை. யார் கெப்பைப் பார்த்தாலும் மகன் கொழும்புக் கடைக்குச் சொல்லி அனுப்பினது என்பார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். போன லீவில் நீ வந்தபோது வண்ணாத்திவில்லு மாமி வீட்டுக்குப் போகிற வழியில் கெப் சேற்றில் புதைந்து, உழவு மெஷின் கொண்டுவந்து இழுக்க வேண்டி வந்ததே, அந்த வெட்கத்தில்தான் நீ இதை வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். சேற்றுக்கு நல்ல டயர்தான். ஒரு முறை மாமி வீட்டுக்குப் போய் வந்தோம், எங்கும் நிற்கவில்லை. உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் குளியலறையில் விழுந்து முதுகில் அடிபட்டது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வியாழன் தோறும் புத்தளம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் நஸ்லா நல்ல பிள்ளை, இடது காலில் இருக்கிற விறைப்பு போக வேண்டுமென்றால் ஒரு வாரமும் தவறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சிக்கல் பயிற்சியில் இல்லை, போகிற வழியில். இப்போது வீதி தார்க் கார்ப்பட் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கெப் நாற்பதைத் தாண்டினால் ஆசனம் முழுக்க நடுங்குகிறது. அமானிக்கு அது விளையாட்டு, வாயைத் திறந்து ஆ என்று நீட்டுவாள், குரல் தானாக ஆடும், பாலாவிச் சந்தி வரும் வரைக்கும் அதுதான் அவளுக்குப் பாட்டு. எனக்கு அந்த ஆட்டம் இடுப்பில் ஏறி முதுகு வழியாகக் கழுத்துக்கு வருகிறது. போகும்போது நடந்து ஏறுகிறேன், திரும்பி வந்தால் றிஃப்னா பிடித்து இறக்க வேண்டும்.

வாப்பா ஒரு வைத்தியம் செய்தார். பின்னால் பாரம் இல்லாததால்தான் கெப் துள்ளுகிறது, பாரம் வைத்தால் படிந்து ஓடும் என்று எட்டு மூட்டை உப்பு ஏற்றினார். புத்தளத்து மனிதருக்குப் பாரம் என்றால் உப்புதான் ஞாபகம் வரும், மணல் வராது. அன்று துள்ளல் கொஞ்சம் குறைந்தது உண்மை. அடுத்த நாள் மழை பெய்து மூட்டை கரைந்து, உப்புத் தண்ணீர் கெப்பின் எல்லாப் பொருத்துக்குள்ளும் இறங்கி, இப்போது பின்கதவு துருப்பிடித்து நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை, நீயும் கேட்காதே.

பிறகு டயர்க் கடை நிக்கொலஸிடம் போனோம். வாப்பா அஸருக்குத் தொழப் போன நேரம் நான் கெப்பிலேயே இருந்தேன். நிக்கொலஸ் காற்றைப் பார்த்துவிட்டு, மீன் ஏற்றுகிற கணக்குக்கு ஐம்பது இறாத்தல் காற்று அடித்து வைத்திருக்கிறார் என்று முப்பத்தைந்துக்குக் குறைத்தான். பிறகு என்னிடம், “அக்கா, காத்தைக் குறைச்சாலும் முழுசாப் போகாது. இது சேத்துக்குள்ள ஓடுற டயர், பக்கம் தடிப்பு, மடங்காது. மேல இருக்கிற கட்டைப் பல்லு ஒவ்வொண்டும் ரோட்டுல தட்டும். பின்னால வில்லுத்தகடும் சாமான் இல்லாட்டி மடங்காது. ரெண்டும் மடங்காட்டி ஆக்கள்ட முள்ளந்தண்டுதான் மடங்கும்” என்றான். பழைய சாதாரண டயர் போட்டால் பாதிக்கு மேல் குறையுமாம். இதை அவரிடம் சொல்லு என்றேன். “நான் சொன்னா நானா என்னோட கதைக்கிறத விட்டுருவார், பெடியன் அனுப்பினதெல்லோ” என்று, வாப்பாவைச் சொந்த அண்ணன் போல நானா என்று கூப்பிடுகிறவன், தலையைச் சொறிந்தான். அவன் சொன்னபடி காற்றைக் குறைத்து ஓடியதில் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

இனி உண்மையைச் சொல்கிறேன். போன இரண்டு வியாழனும் நான் போகவில்லை. நஸ்லா லீவு என்று வாப்பாவிடம் பொய் சொன்னேன். கால் விறைப்பு இப்போது முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது, தொழுகையில் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகன். டயரைக் கழற்றுங்கள் என்று அவரிடம் சொல்ல இரண்டு முறை வாய் எடுத்தேன், அவர் பிரஷும் கையுமாகக் குந்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டேன். லீவு முடிந்து நீ போன பிறகு அவர் கைக்கு வந்த உன் பொருள் அது ஒன்றுதான்.

முந்தாநாள் தேங்காய் எடுக்கப் பின்கொட்டிலுக்குப் போனேன். பழைய டயர் நான்கையும் புதியது வந்த கிழமையே விற்றுவிட்டதாக வாப்பா சொல்லியிருந்தார், நினைவிருக்கிறதா, உன்னிடமும் சொன்னார். விற்கவில்லை. நீலத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே நான்கும் சுவரில் சாய்த்து நிற்கின்றன. தூசி இல்லை, ஈரத் துணியால் துடைத்த அடையாளம் இருக்கிறது. நான்கிலும் சோக்குக் கட்டியால் முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. நடுக்கம் அவருக்கும் தெரிந்திருக்கிறது, நான் சொல்லாமலே. அந்தக் கொட்டிலில் நின்று கொஞ்சம் அழுதேன்.

ஆகவே ஹுனைஸ் இதைக் கொடுத்ததும் புதன் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குப் போன் எடு. இந்த டயர் மாமி வீட்டுப் பாதைக்கு மட்டும், தார் வீதியில் ஓடினால் பல் வீணாகத் தேயும், மற்ற நாளில் பழையதைப் போடுங்கள் என்று நீயாக யோசித்தது போலச் சொல். பழையதை விற்றாயிற்றே என்பார். எங்கேயாவது கிடைக்கும், பாருங்கள் வாப்பா என்று மட்டும் சொல்லு, கொட்டில் கதை உன் வாயில் வரக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடு, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன்னை ஒரு குறையும் இல்லாமல் எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. வியாழன் எட்டு மணிக்கு நான் புறப்பட வேண்டும்.

என்றும் உனக்காகத் துஆ கேட்கும் உம்மா
அலீமா ஜவாஹிர்