நீல டிரம்முக்கு அடியில்

ஜூலை 8, செவ்வாய். மழை, விடாமல்.

உறுதியானது: ரஹ்மத் வீட்டு அடுப்படிக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு விழுந்திருக்கிறது. ஆதாரம்: என் கண். காலை 7.10. விழுந்தது பால் பாத்திரத்துக்குள். எனக்குக் காட்டவென்றே கொட்டாமல் வைத்திருந்தாள். சாம்பல் துண்டுகள், அவற்றின்மேல் பாலாடை.

"பாருங்கக்கா. இது பாலா, கலவையா? கொத்தனார் வந்தா அப்படியே பூசிட்டுப் போயிரலாம்."

அவள் முதல் மாடி. நாங்கள் இரண்டாவது. ஜெபமணி டீச்சர் மூன்றாவது. குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்று. ரஹ்மத்தின் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆக, ஒழுகுவது நாங்கள் அல்லது டீச்சர். நாளை எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி வருகிறார், கலர்த் தண்ணீர் ஊற்றி யார் வீட்டுத் தண்ணீர் கீழே இறங்குகிறது என்று பார்க்க.

மற்றவை:

என் வீட்டுக்காரர் சுடும் ரொட்டி மூன்றாவது தடவையாக எழும்பவில்லை. ரயில்வேயில் ரிட்டையர் ஆன நாள் முதல் இந்தக் கூத்து. புளிக்கவைக்கும் மாவு ஒரு கண்ணாடி ஜாடியில், ஃப்ரிட்ஜ் மேல். ஈரத் துணியை மூன்று நாள் சுருட்டி வைத்த நாற்றம். "அது உயிருள்ளது" என்கிறார். கரப்பானும்தான்.

பத்திரிகையிலிருந்து வாட்ஸ்அப். அடுத்த மாதத்திலிருந்து என் வாரப் பத்தி வேண்டாமாம். முப்பத்தாறு வருஷம் மாநகராட்சிச் செய்தி எழுதியவளுக்கு இரண்டு வரி, கடைசியில் கைகூப்பும் பொம்மை. பதிலுக்கு நானும் ஒரு கைகூப்பும் பொம்மை. அனுப்பிய விரலைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 9, புதன். மழை. செம்பூரில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் தாமதம்.

10.30. செக்ரட்டரி, ரஹ்மத், நான், எங்கள் குளியலறை வாசலில். இவருடைய கேக் சாமான் டப்பாவிலிருந்து சிவப்புக் கலர் எடுத்துக் கொடுத்தேன். அரை வாளித் தண்ணீரில் கரைத்தேன். ரத்தம் மாதிரி இருந்தது. செக்ரட்டரி மூக்கைச் சுளித்து வெளியிலேயே நின்றார்.

வாளித் தண்ணீரை மக்கால் மொண்டு, தரையில் தண்ணீர் வடியும் ஜாலி ஓட்டைக்குள் நேராக ஊற்றினேன். ஒரு சொட்டு தரையில் பரவவில்லை. மூலையில் நீல டிரம், வாய் வரை தண்ணீர். நகர்த்தவில்லை. யாரும் நகர்த்தச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம். கீழே சொட்டியது வெறும் தண்ணீர். சிவப்பு இல்லை.

"ஆப்கா தோ ஏக்தம் ஓகே ஹை, மேடம்." என் வீட்டில் ஒரு குறையும் இல்லையாம். செக்ரட்டரிக்கு நிம்மதி. என் பெயரில் நோட்டீஸ் எழுத அவருக்கு விருப்பமில்லை. இரண்டு வருஷம் முன் நான் எழுதிய பத்தி, 'நானே பதித்த டைல்ஸ்', இன்னும் கீழே சொசைட்டி ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் அவர்தான்.

அடுத்து மூன்றாவது மாடி. டீச்சர் வீட்டில் தரை முழுக்கத் தண்ணீர் தேக்கி, பச்சைக் கலர். கீழே பச்சையும் இறங்கவில்லை. ஆனாலும் செக்ரட்டரி சொன்னார்: பில்டிங் கட்டின காலத்துக் குளியலறை, பழைய குழாய், இரண்டாவது மாடி சுத்தம் என்றால் மிச்சம் இதுதானே. சுவருக்குள்ளே இறங்கி வரும், கலர் வடிந்துபோகும் என்றார். பேத்தல். நான் தலையாட்டினேன்.

டீச்சர் என்னைப் பார்த்து, "சந்திரா, நீ கூட நின்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன் டீச்சர்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

ஜூலை 10, வியாழன். தூறல்.

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடிக் குளியலறையை உடைக்கிறார்கள். எட்டு நாள் வேலை.

டீச்சருக்கு எழுபத்தாறு வயது. போன வருஷம் முட்டி மாற்றியது. குளியலறையில் பிடித்து எழும்ப இரண்டு கம்பி, உட்கார்ந்து குளிக்கச் சுவரில் பலகை. எல்லாம் போகும். எட்டு நாளும் டோம்பிவிலியில் தம்பி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அங்கே குந்தி உட்காரும் கக்கூஸ். "ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்றார். ஆண்டவர் முட்டிக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

1. டைல்ஸ் பதிக்கும் முன் தரையில் ஒழுகாமல் இருக்க மருந்து இரண்டு கோட் அடிக்க வேண்டும். நான் அடித்தது ஒரு கோட்.

2. ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். தேக்கவில்லை. இவர் குளிக்கணும் என்று நின்றார். எனக்குப் பத்தி அனுப்ப வேண்டும். பத்தி இந்த டைல்ஸைப் பற்றித்தான்.

3. மூலையில் டைல்ஸ் இடுக்குப் பிளந்து ஒரு வருஷமாகிறது. டிரம்மை அங்கே வைத்ததே அதை மறைக்க.

ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அதிகாரிகள் நிருபர்களான எங்களை நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயைப் பார்க்கக் கூட்டிப் போவார்கள். தூர் வாரிய நூறு அடியை மட்டும் காட்டுவார்கள். வண்டியை அங்கேதான் நிறுத்துவார்கள், டீ அங்கேதான் வரும். வளைவுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக்கும் செத்த எலியும். நான் மட்டும் செருப்போடு இறங்கி வளைவைத் தாண்டிப் போவேன். அதை வைத்துத்தான் எனக்குப் பெயர். நேற்று நான் காட்டியது தூர் வாரிய நூறு அடி.

ராத்திரி இவருடைய எழும்பாத ரொட்டியைக் கேட்டு வாங்கித் தின்றேன். தண்டனை மாதிரி.

ஜூலை 11, வெள்ளி. வெயில் ஒரு மணி நேரம். துணி காய்ந்தது, பாதி.

குளித்துவிட்டு வந்தேன். ஜாலியில் சிக்கிய முடியை எடுக்க இவர் உள்ளே போனார். டிரம் வழியில் இருந்ததால் உருட்டியிருக்கிறார்.

"ஏ சந்திரா. இங்க வா."

போனேன்.

"வெரல் போவுது பாரு." ஆள்காட்டி விரல், முதல் கணு வரை. உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

விரலைத் துண்டில் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடு. நாமளே அடைச்சிருவோம். ரெண்டு நாள் இதுல தண்ணி படக்கூடாது, அவ்வளவுதான். திங்கக்கெழம அவனுவ மேல ஒடைப்பானுவ, கீழ ஒழுக்கு நின்னிருக்கும். மேல ஒடைச்சதுனாலதான் நின்னுதுன்னு நெனைச்சுக்கிடுவானுவ. ஒருத்தனுக்கும் தெரியாது."

"டீச்சர்?"

"புதுக் குளியலறை கெடைக்கும்லா."

இதைச் சொன்னபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அடைத்தோம். பழைய இடுக்கைச் சுரண்டினேன். இவர் பசை கலந்தார், கேக் மாவு கலக்கிற அதே கரண்டியால், அதே கவனத்தோடு. நல்ல வேலை. இரண்டு வருஷம் முன்னால் இப்படிச் செய்திருக்கலாம்.

குளியல் கிடையாது, அடுப்படி மோரியில், பாத்திரம் கழுவும் இடத்தில், கை கால் கழுவல் மட்டும். கக்கூஸ் தனி, அதில் பிரச்சினை இல்லை.

ஜூலை 12, சனி. மறுபடி மழை.

ரஹ்மத் படியேறி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நின்னுட்டுது! நேத்து மத்தியானம் வரைக்கும் சொட்டிச்சு, இன்னைக்குக் காலையிலருந்து ஒரு சொட்டு இல்ல. டீச்சர் வீடுதான், சந்தேகமே இல்ல."

"எப்படிச் சொல்லுற?"

"அவங்க குளிக்கிறதை நிறுத்திட்டாங்கல்லா. நோட்டீஸ் ஒட்டுன சாயங்காலத்துலருந்து. எம்மேல தண்ணி சொட்டுதுன்னு அவங்களுக்கு வெக்கமாப் போச்சாம். குளிங்க டீச்சர், நான் சட்டியை வேற எடத்துல வச்சுக்கிடுதேன்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

தேதி பார்த்தேன். டீச்சர் நிறுத்தியது வியாழன் சாயங்காலம். வெள்ளி மத்தியானம் வரை கீழே சொட்டியது. நாங்கள் நிறுத்தியது வெள்ளி மத்தியானம். ரஹ்மத் இதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மேலே போனேன், தயிர் கொடுக்கிற சாக்கில். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அடுப்படி மோரிச் சுவரைப் பிடித்தபடி நின்று, ஈரத் துண்டால் முதுகைத் துடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை எட்டவில்லை. பவுடர் வாசனையும் அதன் அடியில் வேர்வை வாசனையும். ஜூலைப் புழுக்கத்தில் இரண்டாவது நாள்.

"யாரு, சந்திராவா? உள்ள வராதம்மா, நாறும்."

துண்டை வாங்கித் துடைத்துவிட்டேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

"நீ ஒருத்திதான் இந்த பில்டிங்குல நேரா நடக்கிறவ," என்றார் டீச்சர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இறங்கி வந்து மோரியில் வாந்தி எடுத்தேன். ரொட்டி காரணம் என்று இவரிடம் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார், பாவம். மாவு ஜாடியைக் கழுவி வைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு. மேகம், மழை இல்லை.

7.40. டீச்சர் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு இறங்கிப் போனார். தோழி ஒருத்தி கைத்தாங்கலாக.

8.00. உளியும் சுத்தியலும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை அடைத்ததை உடைத்தேன். நன்றாக இறுகியிருந்தது. இருபது நிமிஷம் ஆனது.

இவர் வாசலில் நின்றார். "கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஜாலியை அடைக்க ஒரு துணி குடுங்க."

"மானம் போயிரும், சந்திரா."

"ஜாலிக்குத் துணி."

கொடுக்கவில்லை. என் பழைய துப்பட்டாவைச் சுருட்டி அடைத்தேன். தரை முழுக்கத் தண்ணீர் தேக்கி, மிச்சமிருந்த சிவப்பு முழுதும் கொட்டினேன். காலெல்லாம் சிவப்பு. கீழே இறங்கிப் போனேன். படியில் என் பாதம் பதிந்தது.

8.35. ரஹ்மத் அடுப்படி. ஒரு வெள்ளைத் தட்டைக் கூரைக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பொறு என்றேன். கடையநல்லூரில் மகளுக்கு வந்திருக்கும் வரன் பற்றிச் சொன்னாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9.10. முதல் சொட்டு. வெளிறிய ரோஸ். அடுத்தது சிவப்பு. பிறகு எண்ணவில்லை.

ரஹ்மத் தட்டைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு ஏன்க்கா வரல?"

"அன்னைக்கு ஓட்டைக்குள்ள மட்டும் ஊத்துனேன். டிரம்மை நகர்த்தல."

"மறந்துட்டியளா?"

கேள்வியிலேயே நான் தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்ல," என்றேன்.

அடுப்பை அணைத்தாள். தட்டை மேடையில் வைத்தாள். பிறகு, "டீச்சர் மூணு நாளா குளிக்கலக்கா."

"தெரியும்."

"தெரியுமா?" வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அவங்ககிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

நான் என்றேன்.

11.20. செக்ரட்டரிக்கு எழுதினேன். ஒழுகுவது எங்கள் குளியலறை. புதன்கிழமை நான் காட்டிய சோதனை பொய். மூன்றாவது மாடியை உடைக்கக் கூடாது. ஆபீஸ் பலகையில் இருக்கும் பத்தியைக் கிழித்துவிடவும்.

11.35. பதில்: ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, நாளை பத்து மணிக்கு வருவார்கள். எந்த மாடி என்பதைக் கமிட்டி இன்று மாலை ஆறு மணிக்குக் கூடி முடிவு செய்யும்.

நிலுவை:

கமிட்டி, மாலை 6.

டோம்பிவிலித் தம்பி டீச்சரைக் கூட்டிப்போக வருவது, 4 மணி. பை நேற்றே கட்டியாகிவிட்டது. வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது டீச்சர். டீச்சருக்குச் சொல்ல வேண்டியது நான்.

டீச்சர் திரும்புவது, பன்னிரண்டுக்குள்.

11.52. வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே டீச்சரின் ஊன்றுகோல் சத்தம். முதல் மாடியில் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறார். வழக்கமாக ரஹ்மத் இந்நேரம் கதவைத் திறந்து தண்ணீர் கொடுப்பாள்.

திறக்கவில்லை.

ஊன்றுகோல் மறுபடி. இன்னும் பதினாறு படி.