ஒரு பந்துகூடப் போடாத வெற்றி

அன்பே,

குழந்தை தூங்கியதும் படி, சிரித்து எழுப்பிவிடாதே. நேற்று தேகு மைதானத்தில் நான் ஜெயித்தேன், மட்டையாளனுக்கு ஒரு பந்துகூடப் போடாமல்!

பதினோரு வருடமாக, இன்னொருவன் தொடங்கிய பேஸ்பால் ஆட்டத்தில் நடுவில் இறங்கிப் பந்து வீசுகிறவன் நான். நேற்றும் எட்டாம் சுற்றில், சமநிலையில் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் அவுட். முதல் தளத்தில் நின்ற எதிரணிப் பையன் அடுத்த தளத்துக்கு ஓடத் துடித்துக்கொண்டிருந்தான். மட்டையாளனைப் பார்ப்பது போலப் பார்த்து, சட்டென்று திரும்பி முதல் தளத்துக்கு எறிந்தேன். பையன் தளத்துக்குத் திரும்புவதற்குள் மூன்றாவது அவுட், எதிரணியின் சுற்று முடிந்தது! அடுத்து நம்மவர்கள் ஒரு ஓட்டம் எடுத்தார்கள். கடைசிச் சுற்றை வேறொருவன் காத்தான். நம்மவர்கள் முந்தியபோது கடைசியாகப் பந்து வீச நின்றவன் நான் என்பதால், விதிப்படி வெற்றி என் பேரில்.

"ஏழு சுற்று வெயில்ல வெந்தது நானு, பேரு உங்களுக்காண்ணே?" என்று ஆட்டத்தைத் தொடங்கிய கி-தேக் சாப்பாட்டு வேளையில் புலம்பினான்.

"அதிர்ஷ்டம்டா" என்றேன்.

உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. மட்டையாளனுக்கு வீச வலது தோள் எழும்பவில்லை. முதல் தளத்துக்கு எறிய மணிக்கட்டு போதும். அதனால்தான் எறிந்தேன்.

மே மாதத்திலிருந்து நீ சொல்லச் சொன்னதை இன்று காலை கோச்சிடம் சொல்லிவிட்டேன்.

"நேத்து இடது கையில குச்சி பிடிச்சு நூடுல்ஸோட மல்லுக்கட்டினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். போ, சரிபண்ணிட்டு வா. உன் எடம் இருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாதாம். குழந்தையைத் தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். இடது கையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூக்கலாமாம்.

இப்படிக்கு,
நாளை மதியப் பேருந்தில் வந்து இறங்கப்போகிறவன்