இனிஷ்டாரா தீவின் வாக்குச் சீட்டுகளைக் கவிழ்த்து எண்ணக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி டெலியா மக்ஹேல்,
க/பெ. ஃபெஸ்டஸ் மக்ஹேல்,
மேற்குக் கரை, இனிஷ்டாரா தீவு.

பெறுநர்:
வாக்கு எண்ணிக்கைப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
நீதிமன்றக் கட்டடம்.

பொருள்: ஐரோப்பிய ஒப்பந்தம் குறித்து அக்டோபரில் நடக்கவிருக்கும் இரண்டாவது பொது வாக்கெடுப்பு – எங்கள் தீவின் பெட்டியைத் திறக்கும்போது சீட்டுகளைக் கவிழ்த்து எண்ணி, வேறு பெட்டியோடு கலக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இல்லத்தரசி. எங்கள் சிற்றாலயத்தின் மெழுகுவர்த்தி, பூச்செலவுக் கணக்கை எழுதி வருபவள். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஆனாலும் ஒப்பந்தம் பற்றி அரசு அனுப்பிய விளக்க நூலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். விவரம் தெரியாதவள் எழுதியது என்று இம்மனுவை ஒதுக்கிவிடக் கூடாதே என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2. சென்ற ஆண்டு ஜூன் மாதம் இதே ஒப்பந்தத்துக்கு முதல் வாக்கெடுப்பு நடந்தது. கடல் எப்போது புரளும் என்று சொல்ல முடியாததால், வழக்கம்போல் எங்கள் தீவு மட்டும் முன்கூட்டியே வாக்களித்தது. பெட்டி படகில் போயிற்று. எண்ணும் நாளில் தங்கள் ஊழியர்கள் அதைத் திறந்து, சீட்டுகளை முகம் மேலே தெரியும்படி விரித்துச் சரிபார்த்தார்கள். தடுப்புக் கட்டைமேல் சாய்ந்து நின்ற கட்சிக்காரர்கள், எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று தங்கள் வழக்கப்படி குறித்துக்கொண்டார்கள். பெரிய ஊர்ப் பெட்டிக்கு அதனால் கேடில்லை. எங்கள் பெட்டியில் இருந்தவை முப்பத்திரண்டு சீட்டுகள். முப்பத்தொன்று ‘வேண்டாம்’. ஒன்று ‘வேண்டும்’.

3. அன்று பிற்பகலே உள்ளூர் வானொலியில் இது வேடிக்கையாகச் சொல்லப்பட்டது. “இனிஷ்டாராவுல அந்த ஒரே ஆளு யாருப்பா? நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆளா இருந்தா சரி” என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் சமையலறையில் என் கணவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை. ஐரோப்பியச் சட்டத்தால் சால்மன் மீனுக்கு மிதவை வலை போடும் உரிமத்தை இழந்தவர் அவர். ஐரோப்பா என்ற சொல்லைக் கேட்டாலே தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். தீவில் பெரும்பாலான ஆண்களின் நிலை இதுவே. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

4. சந்தேகம் மூன்று நாளில் ஓரிடத்தில் வந்து நின்றது. தீவின் செவிலியர் செல்வி அட்ராக்டா வெளியூர்க்காரர், படித்தவர், அரசுச் சம்பளம் வாங்குபவர். வேறு யாராக இருக்க முடியும் என்றார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் செவிலியருக்கு அடுப்பெரிக்க வரும், சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண்கட்டி மூட்டைகளைப் படகுத்துறையிலிருந்து ஆண்கள்தாம் சுமந்து அவர் வீட்டில் சேர்ப்பார்கள். கேட்காமலே செய்யும் வழக்கம் அது. சென்ற ஆண்டு மூட்டைகள் மழையில் கிடந்தன. படகோட்டி கோலி எல்லோர் காதிலும் விழும்படி, “இருங்க நர்ஸம்மா, பிரஸ்ஸல்ஸ்லேருந்து ஆள் வந்துக்கிட்டு இருக்காங்க, உங்க மூட்டையத் தூக்க” என்றார். கோலியின் தாயாருக்குத் தினமும் இன்சுலின் ஊசி போடுவது இதே செவிலியர்தாம். அன்று மாலையும் போய்ப் போட்டார்.

5. இன்னொன்றையும் எழுத வேண்டும், எழுத வெட்கமாக இருக்கிறது. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அவருக்கு அருகில் இருப்பவர்கள் செபப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறார்கள்.

6. நான் அவர் வீட்டுக்குத் தேநீருக்குப் போயிருந்தபோது அவர் தாமாகவே சொன்னார்: “எனக்கு இங்க ஓட்டே இல்ல டெலியாக்கா. எங்கம்மா ஊர்லதான் பேரு இருக்கு.” அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். “சொன்னா அப்புறம் வீடு வீடாத் தேடுவாங்க. நான் வெளியூர்க்காரி, தாங்கிக்குவேன். அந்த ஓட்டப் போட்டவங்க எங்க போவாங்க?” என்றார். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அவர் மாற்றல் கேட்டு எழுதிவிட்டார். அவர் போனால் வேறு செவிலியர் வர எத்தனை காலம் ஆகும் என்பது தங்களுக்கும் தெரியும்.

7. அந்த ஒரு சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதாமலிருக்கச் சட்டம் எனக்கு உரிமை தந்திருக்கிறது. இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அவர் யாருடைய பணத்துக்கும் வாக்களிக்கவில்லை. படித்து, செபித்து, மனச்சாட்சிப்படி பென்சிலை எடுத்தார்.

8. நாடு ‘வேண்டாம்’ என்றுவிட்ட பிறகும் அரசு இப்போது இரண்டாம் முறை கேட்கிறது. “ஒரு தரம் சொல்லியாச்சு. காது கேக்கலையா அவங்களுக்கு? வேணும்னு சொல்லியிருந்தா மறுபடி கேட்டிருப்பாங்களா?” என்கிறார் என் கணவர். எனக்கும் அதே ஐயம் உண்டு. ஆனால் அவர் தொடர்ந்து, “இதெல்லாம் நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்? டப்ளின்ல உக்காந்திருக்கிறவங்களுக்குச் சம்பளம் எதுக்கு?” என்னும்போது நான் உடன்படுவதில்லை. நம் கடலையும் நம் சட்டத்தையும் யாரோடு பங்கிடுவது என்பதை நம்மிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்பவர், பதில் சொல்பவரை அண்டை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. என் குறை வாக்கெடுப்பு வைத்ததில் அல்ல, வைத்த விதத்தில்.

9. நிலைமை இன்னும் மோசமாகப் போகிறது. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே நின்றபோது கோலி ஒரு யோசனை சொன்னார்: “இந்தத் தடவை மடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் காட்டிட்டுப் போடுவோம். மறைக்க என்ன இருக்கு நமக்குள்ள?” யாரும் மறுக்கவில்லை. என் கணவர் தலையசைத்தார். எங்கள் வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறை என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

10. ஆகவே நான் கேட்பவை: எங்கள் பெட்டியின் சீட்டுகளைக் கவிழ்த்தே எண்ணி, கட்சிக்காரர்கள் கண்ணில் படுமுன் வேறொரு பெரிய பெட்டியோடு கலக்க உத்தரவிட வேண்டும். குறியிட்ட சீட்டை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது என்று வாக்குச்சாவடி அலுவலர், இது மேலிட உத்தரவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்போது காட்ட மறுப்பவர் சட்டத்துக்குப் பணிந்தவர் ஆவார், துரோகி ஆகமாட்டார்.

11. தங்கள்மீதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வானொலிக்காரர்களுக்கு அந்த எண்ணிக்கை எந்தத் தொலைபேசியிலிருந்து போனது என்று எனக்குத் தெரியாது. இருந்தும் மனு கொடுக்க வேறு வாசல் இல்லை.

12. தயவுசெய்து எனக்குப் பதில் எழுத வேண்டாம். தபால் பையைப் பிரித்துக் கொடுப்பவர் கோலி. அரசு முத்திரையிட்ட உறை என் பெயருக்கு வந்தால் சந்தேகத்துக்கு அதுவே போதும். இந்த மனுவைக்கூட நான் தீவில் தபாலில் சேர்க்கவில்லை. பல் பிடுங்க வந்த சாக்கில் எதிர்க்கரையில் சேர்க்கிறேன். எண்ணிக்கை நாளன்று எங்கள் தீவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால், தாங்கள் என் மனுவை ஏற்றுக்கொண்டீர்கள் என்று புரிந்துகொள்வேன். அன்றிரவு செபமாலையில் தங்கள் பெயர் தெரியாவிட்டாலும் தங்களுக்காக ஒரு மணி உருட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை நம்ப விரும்பும்,

(ஒப்பம்)
டெலியா மக்ஹேல்

இடம்: பாலிநகோரா படகுத்துறை
நாள்: 9 செப்டம்பர் 2009